நாற்றம் படத்தில் விழாது

பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தபோதுதான் படக்காரர் தன் படத்தைக் கூரையில் பார்த்தார். பனிமலை, அதன் காலடியில் கண்ணாடி மாதிரி ஓர் ஏரி, கரையில் ஒற்றை மரம். நோயாளியின் கண் நேராகப் போய் முட்டுகிற இடமாகப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். ஏரியின் நடுவில் மாடித் தண்ணீர் கசிந்து மஞ்சளாகப் படர்ந்திருந்தது.

"மேல பாருங்க சார். அந்த மலையைப் பாருங்க, வலியே தெரியாது," என்று வைத்தியர் துளைக்கும் கருவியை உள்ளே விட்டார்.

வாயில் குழாயும் பஞ்சுமாக இருக்கிற மனிதன் 'அது நான் எடுத்த படம்' என்று எப்படிச் சொல்வான்? "ஆ... ஆ..." என்றார்.

"வலிக்குதா? மலையைப் பாருங்க, மலையைப் பாருங்க."

அந்தப் படத்தை அவர் எடுத்தது மீசை சரியாக முளைக்காத வயதில். காற்று அடங்கட்டும், தண்ணீர் அசையாமல் நிற்கட்டும் என்று குளிரில் விரல் விறைக்கக் காத்துக் கிடந்து எடுத்தார். எடுத்த அன்றைக்கு, உலகத்தில் தனக்கு மட்டும் யாரோ ஒரு கதவைத் திறந்து காட்டியதுபோல இருந்தது. அந்தக் கதவு வழியாக அப்புறம் ஊரே செருப்போடு உள்ளே வந்துவிட்டது.

முதலில் ஒரு காலண்டர். அப்புறம் மெத்தை விளம்பரம். அப்புறம் கணினித் திரை, ஃபோன் உறை, லிஃப்ட் கதவு. விடிந்தால் 'காலை வணக்கம்' என்று யாராவது அனுப்புவார்கள். அவருடைய மலைமேல் ரோஜாப் பூவும், அவருடைய ஏரிமேல் ஒரு ஜோடிப் புறாவும் ஒட்டியிருக்கும். யார் செத்தாலும் இரங்கல் சுவரொட்டியில் செத்தவரின் தலைக்குப் பின்னால் அதே மலை. ஒருநாள் நடமாடும் கழிப்பறை வண்டி ஒன்று அவரைத் தாண்டிப் போனது. அதன் முதுகு முழுக்க அவருடைய ஏரி.

அதுகூடப் பரவாயில்லை. ஒருமுறை நிஜ மலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தார். வளைவு திரும்பியதும் பள்ளத்தாக்கு விரிந்தது. முன் இருக்கைக்காரர் மனைவியைத் தட்டி எழுப்பி, "பாரு பாரு, அப்படியே வால்பேப்பர் மாதிரியே இருக்கு!" என்றார். அந்த அம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "கலர் கொஞ்சம் கம்மி," என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டாள். படக்காரருக்கு அன்றிலிருந்து நெஞ்சில் ஒரு குமட்டல். அழகு என்று யார் வாயைத் திறந்தாலும், திகட்டத் திகட்டத் தின்ற இனிப்பை யாரோ மறுபடி ஊட்ட வருவதுபோலத்தான் இருந்தது.

அவர் குடியிருந்த வீடு மூன்றாம் மாடியில். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். அவர் படத்து ஏரி இல்லை, ஊர் ஏரி. சாயப் பட்டறையும் சோப்புத் தொழிற்சாலையும் பல காலமாக வயிற்றைக் கழுவிக் கொட்டிய இடம். கறுத்த தண்ணீர், அதன்மேல் காற்றடித்தால் பொங்குகிற வெள்ளை நுரை. அதனால் ஜன்னலை யாரும் திறப்பதில்லை. இடுக்குகளில் அவர் மனைவி ஈரத் துண்டைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சளி, மூத்திரம், சீழ் என்று குப்பி குப்பியாகப் பார்த்துப் பழகியவள். நாற்றத்துக்கு முகம் சுளிக்கிற ஜாதி இல்லை. அவளே துண்டு அடைத்தாள் என்றால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. சுவர்ப்படம், ஃபோன் உறை, கோப்பை என்று எதிலும் எதையும் அச்சடித்துத் தருகிற கடை வைத்திருந்தான். மலைப்படத்தை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியவான் அவன்தான். பேரம் பேசத் தெரியாத படக்காரர், விற்கும் உரிமையை என்றைக்கோ அவன் பேருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"மாமா, உங்க படம் ஏரி ரோடு முழுக்க வரப்போகுது!" என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"என்ன மாப்ளே உளர்ற?"

"விளையாட்டுப் போட்டிக்கு வெளியூர்லேர்ந்து பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க. அவங்க கார் ஏரி ரோட்லதான் போகும். நகராட்சி ஆணையரம்மா ஒரே முடிவா சொல்லிட்டாங்க. ஏரியைச் சுத்தம் பண்ண வருஷக்கணக்காகும், துணி கட்ட ஒரு வாரம் போதும்னு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும், ரெண்டாள் உயரத்துக்கு, உங்க படம்!"

"ஏரிக்கு முன்னாடி ஏரிப் படமா?"

"ஏரி ரோடுன்னு பேர் வெச்சாச்சு. போறவங்க கண்ணுக்கு ஏரி தெரிய வேணாமா?"

படக்காரர் எழுந்து நின்றார். "முடியாது. என் படத்தைக் கக்கூஸ் வண்டியில ஒட்டினீங்க, பொறுத்துக்கிட்டேன். பிணத்துக்குப் பின்னாடி ஒட்டினீங்க, பொறுத்துக்கிட்டேன். சாக்கடைக்குப் போர்வையா போட விடமாட்டேன்."

"அச்சாயிட்டிருக்கு மாமா," என்றான் மச்சான், குரலைத் தாழ்த்தி.

மனைவி அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தம்பி, ஒண்ணு கேக்குறேன். அந்தத் துணி நாத்தத்தை மறைக்குமா?"

"அது... கண்ணை மறைக்கும்கா."

"அப்ப மூக்கை என்ன பண்றது? அறுத்து வீட்ல வெச்சிட்டுப் போறதா?"

மச்சான் சிரித்தான். அக்கா சொன்னால் எதற்கும் சிரித்துவிடுவது அவனுக்குப் பழக்கம். வேலை நடந்துகொண்டேதான் இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். முழு ஏரியை ஏரிப் படத்தால் மறைத்ததை அந்த ஊர்க்காரர்கள் நேரில் பார்த்தார்கள். விருந்தாளிகள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விர்ரென்று போய்விட்டார்கள். மலையைத் திரும்பிப் பார்த்தார்களோ என்னவோ. ஆனால் ஊர் பார்த்தது. பார்த்ததோடு விடவில்லை.

ஒரு பாட்டு வீடியோக்காரர்கள் வந்து துணிக்கு முன்னால் ஆடிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மரத்துக்குப் பக்கத்தில் நின்று, கையை விரித்து, கழுத்தை மெதுவாகப் பின்னால் சாய்ப்பாள், அவ்வளவுதான் நடனம். அது ஃபோனுக்கு ஃபோன் தாவியது. அப்புறம் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அதே மரத்துக்குப் பக்கத்தில் அதே கழுத்தை அதே மாதிரி சாய்த்தார்கள். சாலையில் எங்கே நிற்க வேண்டும் என்று பாத அடையாளம் பெயிண்டால் வரையப்பட்டது. வரைந்தவன் மச்சான்.

படக்காரர் ஒரு மாலை காய்கறிப் பையோடு அந்த வழியாக வந்தார். கல்யாணம் நிச்சயமான ஜோடி ஒன்று பாத அடையாளத்தின்மேல் நின்றுகொண்டிருந்தது. அவர்களைப் படம் எடுக்க வந்தவன் கை உயர்த்தி, "மூச்சைப் பிடிங்க... இன்னும்... சிரிங்க... கண்ணு சிரிக்கணும்... ஆச்சு, விடுங்க!" என்றான். விட்டதும் இரண்டு பேரும் ஆடு மாதிரி இருமினார்கள். அந்தப் பெண் குனிந்து சாலையோரத்தில் ஓங்கரித்து, உதட்டுச் சாயம் கலையாமல் கைக்குட்டையால் ஒற்றியெடுத்து, "காட்டுங்க, காட்டுங்க," என்று ஓடினாள். ஃபோனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அய்யோ, செமையா வந்திருக்கு! இன்னொண்ணு?"

ஒருவர் படக்காரரின் தோளைத் தட்டினார். "அண்ணே, எங்க குடும்பத்தை ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா? மரம் வெட்டுப்படாம பார்த்துக்குங்க."

எடுத்துக் கொடுத்தார். வேறென்ன செய்வது? பெற்ற தாயே வாசலில் நின்று, பிள்ளையை வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார்.

விருந்தாளிகள் போன பிறகு துணியை அவிழ்த்துவிடுவார்கள் என்று நினைத்தார். யார் அவிழ்ப்பார்கள்? நகராட்சிக்குப் பேர், மச்சானுக்கு வியாபாரம், ஜனங்களுக்குப் படம். துணி நின்றது. துணி நின்றதால் இன்னொன்றும் நடந்தது. அதுவரை நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில் ஒளிந்து மறைந்து குப்பை கொட்டிய லாரிகள் இப்போது துணிக்குப் பின்னால் பட்டப்பகலில் வந்து நிதானமாகக் கொட்டின. அடுக்களை ஜன்னலின் ஈரத் துண்டு போதவில்லை. மனைவி இரண்டாவது துண்டை அடைத்தாள்; பிறகு பழைய போர்வை. அவளுக்கு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது.

"துணிக்குப் பின்னாடி என்னமோ அழுகுதுங்க. இது வழக்கமான நாத்தம் இல்ல," என்றாள்.

மறுநாள் அவர் போய்ப் பார்த்தார். இரண்டு துணிகள் சேருமிடத்தில் ஒருக்களித்து நுழைந்தார். பின்பக்கம் வெள்ளைத் துணி. வெயிலில் அவருடைய மலை வலது இடது மாறி, மங்கலாக, ஆவி மாதிரித் தெரிந்தது. திரும்பினார்.

கோழிச் சிறகு மலை மலையாகக் கிடந்தது. அதிலிருந்து ஊதா நிறத்தில் குடல் பிதுங்கியது. ஆஸ்பத்திரிப் பைகள் கிழிந்து பஞ்சும் ஊசியும் சிதறிக் கிடந்தன. ஒரு நாய் ஊதிப்போய், தோல் பளபளக்க, நாலு காலும் விறைக்க, நின்றமாதிரியே படுத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு நுரை, உயிருள்ளது போல மெல்லத் துடித்துக்கொண்டே கரையேறியது. நுரைக்குள் ஒரு கொக்கு சிக்கியிருந்தது. உயிர் இருந்தது. கழுத்தை ஒருமுறை தூக்கியது, அப்புறம் வைத்துவிட்டது.

படக்காரர் அங்கேயே வாந்தி எடுத்தார். எடுத்து முடித்துக் கண்ணைத் துடைத்தபோது ஒரு வைராக்கியம் வந்தது. இத்தனை நாள் ஊருக்குப் பொய்யைக் காட்டியது என் படம். உண்மையையும் என் படமே காட்டட்டும். முகத்துக்கு நேராகப் பிடித்து, பாருங்கடா என்று காட்டுவோம்.

ஆனால் பழகின கை பழகினதைத்தான் செய்யும். அசிங்கத்தைக் காட்ட உச்சி வெயில் போதும். அவர் விடியற்காலையில் போனார். நல்ல வெளிச்சத்துக்குக் காத்து நிற்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கிழக்கு வெளுத்து, சிவந்து, நுரைமேல் ரோஜா நிறம் படிகிறவரை மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார். கொக்கு அதற்குள் செத்துப்போயிருந்தது. கழுத்து மட்டும் கேள்விக்குறி மாதிரி வளைந்து வெளியே நின்றது. பொத்தானை அழுத்தப் போகும்போது மூலையில் குழந்தையின் அழுக்குத் துணி ஒன்று கிடந்தது கண்ணை உறுத்தியது. காலால் தள்ளிவிட்டு எடுத்தார்.

வீட்டுக்கு வந்து திரையில் போட்டு மனைவியைக் கூப்பிட்டார். தலைக்குக் குளித்துத் துண்டோடு வந்தவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"அடேயப்பா. என்ன அழகா இருக்கு! எந்த ஊர்ப் பனிங்க இது? என்கிட்ட சொல்லாம எப்ப போயிட்டு வந்தீங்க?"

அவர் கையை நீட்டி அடுக்களை ஜன்னலைக் காட்டினார்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "இதுவா? அப்ப நாத்தம் எங்க?"

"நாத்தம் படத்துல விழாது."

"அந்தக் கொக்கு?"

"செத்தது."

"ஏதோ தூங்குற மாதிரி இருக்கே," என்றாள் அவள். கண்ணாடியை மடித்துக்கொண்டே, "இதை வெளியில விடாதீங்க. என் பேச்சைக் கேளுங்க," என்றாள்.

அவர் கேட்கவில்லை. அந்தக் குழந்தைத் துணியைக் காலால் தள்ளியது அப்போதுதான் ஞாபகம் வந்து உடம்பு கூசியது. ஆனாலும் படத்தை விட மனசு வரவில்லை. எழுத்தால் சரிக்கட்டிவிடலாம் என்று நம்பினார். படத்துக்கு அடியில் கொட்டை எழுத்தில் போட்டார்: 'இது பனி அல்ல. நம் ஊர் ஏரி. சாக்கடை நுரை. இந்தப் பறவை இதில் மூச்சு முட்டிச் செத்தது.' வலையில் ஏற்றிவிட்டுப் படுத்தார்.

படம் காட்டுத்தீயாகப் பரவியது. எழுத்து பரவவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் அடியிலிருந்த வரிகளை வெட்டியெறிந்துவிட்டு 'சொர்க்கம் என்பது இதுதானோ' என்று போட்டிருந்தான். அதற்கடுத்தவன் ஒரு பியானோ இசையைச் சேர்த்தான். சாயங்காலத்துக்குள் 'இந்த இடம் எங்க இருக்கு?' என்று ஆயிரம் பேர் கேட்க, 'நம்ம ஏரி ரோட்லதான், துணியைத் தாண்டிப் போங்க' என்று நாலு பேர் வழி சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் துணியைத் தாண்டிப் போகவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் பிளேடால் கிழித்துக்கொண்டு போனார்கள். படக்காரர் மாடியிலிருந்து பார்த்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினார். நுரையை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு தகப்பன் பிள்ளையின் மோவாயில் நுரையைத் தாடியாக ஒட்டி, "தாத்தா மாதிரி சிரி," என்றான். குடலும் நாயும் கிடந்த பக்கம் யாரும் ஃபோனைத் திருப்பவில்லை. கால் மட்டும் அதை மிதித்துக்கொண்டிருந்தது.

"சாக்கடைங்க அது! ரசாயனம்! கையைக் கழுவுங்க, பிள்ளையைத் தூக்குங்க!" என்று கத்தினார்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல விழறீங்க," என்றாள் ஒரு பெண்.

"அந்தப் படத்தை எடுத்ததே நான்தாம்மா!"

"அப்படியா? அப்ப எங்களையும் அதே மாதிரி எடுத்துத் தாங்களேன்!"

குரங்கு கையில் பூமாலை என்பார்கள். இங்கே சாக்கடையைப் பூமாலையாகக் கட்டிக் கொடுத்தவர் அவரே. யாரைத் திட்டுவது?

மச்சான் சும்மா இருப்பானா? நுரைப்படம் போட்ட ஃபோன் உறையை அச்சடித்து, அதை விற்க ஒரு வீடியோவும் எடுத்தான். இரண்டு கை நிறைய நுரையை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு, "இயற்கை தர்ற ஃபேஷியல்!" என்று கண் சிமிட்டினான். இரண்டே நாளில் கண் சிமிட்ட முடியாமல் போயிற்று. முகம் பழுத்த பலாப்பழம் மாதிரி வீங்கி, இமை ஒட்டி, கன்னத்தில் கொப்புளம் உடைந்து நீர் வழிந்தது. அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தார்கள். அதே வார்டில் நுரைத்தாடி வைத்த குழந்தைகளும் சில படுத்திருந்தன.

படக்காரர் போய்ப் பார்த்தார். மனைவி தம்பியின் முகத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தாள். உரிந்த தோல் பஞ்சோடு வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"மாமாவா?" என்றான் மச்சான், உதட்டை அசைக்க முடியாமல். "மாமா, கண்ணு திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் என் ஃபோனைப் பார்த்துச் சொல்லுங்க. வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்காங்க?"

மனைவி பஞ்சைக் கிண்ணத்தில் எறிந்தாள். "தோலே உரிஞ்சுபோச்சு, இன்னும் புத்தி வரலியே உனக்கு," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி புதுப் பஞ்சை எடுத்தாள். தம்பியாயிற்றே.

அன்று மாலைதான் நகராட்சியிலிருந்து ஃபோன் வந்தது. ஆணையரம்மா நேரில் பார்க்க வேண்டும் என்றாராம். மறுநாள் போனார்.

குளிரூட்டிய அறை. பூ வாசனை தெளித்திருந்தது. ஆணையரம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் தங்க நிறச் சட்டத்துக்குள் ரோஜா நுரையும் கொக்கின் கழுத்தும்.

"வாங்க சார், வாங்க! எங்க ஊரை எங்க கொண்டுபோய் வெச்சிட்டீங்க நீங்க!" என்றார் அந்த அம்மாள். "நாங்க ஒரு புகைப்படப் போட்டி வைக்கிறோம். 'நுரையும் நானும்'னு பேரு. நாளைக்கு மறுநாள் இதே அறையில அறிவிப்பு, பத்திரிகைக்காரங்கல்லாம் வர்றாங்க. நீங்கதான் நடுவர்."

"மேடம், பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க."

"அதுக்குத்தான் கையுறை கொடுக்கப்போறோம்."

"இது என்ன நுரைன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன சார்? எனக்குத் தினமும் புகார் வருது. ஆனா உங்க படத்தைப் பாருங்க. எவ்வளவு பாசிட்டிவா இருக்கு! அந்தப் பார்வைதான் நமக்கு வேணும்."

படக்காரர் படத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"வர்றேன் மேடம்," என்று எழுந்தார்.

அறிவிப்பு நாளன்று காலையில் மாடியில் கிடந்த பழைய பெயிண்ட் வாளியை எடுத்துக் கழுவினார். மனைவி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மூடி இறுக்கமா இருக்கான்னு பார்த்துக்குங்க. பஸ்ல சிந்தினா அடிப்பாங்க," என்று மட்டும் சொன்னாள்.

வாளியோடு துணிக்குப் பின்னால் போய் அடிச்சேற்றிலிருந்து அள்ளினார். மேல் நுரையைத் தள்ளிவிட்டு, கறுப்புச் சேறு, கோழிக் குடல், என்னவென்று பேர் சொல்ல முடியாத வழவழப்பு எல்லாம் சேர்த்து. மூடியை அழுத்தி, அதன்மேல் ஒரு பாலித்தீன் பையைக் கட்டினார். கேமராவைக் கொண்டு போகவில்லை.

அறை வாசலில் பியூன் தடுத்தார். "என்ன சார் வாளியில?"

"படத்தோட மிச்சம்ப்பா," என்றார். நடுவர் என்பதால் உள்ளே விட்டுவிட்டார்கள்.

பத்திரிகைக்காரர்கள், கவுன்சிலர்கள், பூங்கொத்துகள். ஆணையரம்மா அவரை முன்னால் அழைத்து, "நம்ம ஊர் அழகைப் பத்தி சார் ரெண்டு வார்த்தை பேசுவார்," என்றார்.

அவர் வாளியை மேஜைமேல் வைத்தார். "எனக்குப் பேசத் தெரியாது. படம்தான் எடுக்கத் தெரியும். அந்தப் படத்துல ஒண்ணு விடுபட்டுப்போச்சு. அதைக் கொண்டாந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.

மூடிய அறை, குளிரூட்டி வேறு சுழற்றி அடித்தது. நாற்றம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அது வார்த்தைக்கு அடங்குகிறதாக இல்லை. செத்ததும் செத்துக்கொண்டிருப்பதும் அதன்மேல் சோப்பு வாசனையும் சேர்ந்து தொண்டையில் விரலை விட்டதுபோல ஏறியது. முன்வரிசை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடியது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. ஆள் ஆள்மேல் விழுந்தார்கள். ஒரு கவுன்சிலர் பூங்கொத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆணையரம்மா மட்டும் அசையாமல் நின்றார். நிமிர்ந்துதான் நின்றார், பாவம். பிறகு கன்னம் இரண்டும் உப்பி, மேஜையிலிருந்த பூச்சாடியை இழுத்து அதற்குள் வாந்தி எடுத்தார்.

"இதையும் சட்டம் போட்டு மாட்டுங்க," என்று கம்பீரமாகச் சொல்ல வேண்டும் என்று படக்காரர் பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார். 'இதையும்' வரைதான் வந்தது. அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

காவல் நிலையத்தில் அவரை வெளியே மரத்தடியில்தான் உட்கார வைத்தார்கள். உள்ளே கூட்டிப்போக யாருக்கும் தைரியமில்லை. மனைவி சோப்பும் மாற்றுச் சட்டையுமாக வந்து, அவரைக் குழாயடியில் நிறுத்திக் கையைத் தேய்த்து விட்டாள். எச்சரித்து அனுப்பினார்கள். வழக்குப் போட்டால் வாளியைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏட்டு யோசித்திருப்பார்.

இதனால் ஊருக்கு ரோஷம் வந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. யாரோ எடுத்த வீடியோவிலிருந்து அவர் மூடியைத் திறக்கும் முகத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். கடிஜோக் சொன்னாலும், சமையல் கருகினாலும், அரசியல்வாதி அறிக்கை விட்டாலும் அடியில் வாளியோடு அவர் முகம் வந்து நின்றது. கொப்புளம் ஆறிய மச்சான் அந்த முகத்தை அச்சடித்த கோப்பை ஒன்றோடு பல்லைக் காட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மாமா, உங்க மலையைவிட இது நல்லா போகுது!" அக்கா கோப்பையை வாங்கிப் பார்த்தாள். திருப்பி அவன் கையில் கொடுத்து, கதவை அவன் முகத்துக்கு நேராகச் சாத்தினாள். அவன் கதவுக்கு வெளியே நின்று சிரித்துக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் சிரிப்பு நின்று, படியிறங்கும் சத்தம் கேட்டது.

போட்டியை மட்டும் கைவிட்டார்கள். கிழிந்த துணியை எடுத்துவிட்டு, யாரும் நுழைய முடியாதபடி ஏரியைச் சுற்றி உயரமாக இரும்புத் தகடு அடித்தார்கள். பொதுமக்கள் பாதுகாப்புக்காக என்று பலகை வைத்தார்கள். லாரிகள் போய்வர ஒரே ஒரு கதவு.

மனைவி ஒரு காலையில் ஜன்னல் போர்வையை விலக்கி அந்தத் தகட்டுச் சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, முன்னாடி லாரிக்காரன் எல்லாப் பக்கத்துலேர்ந்தும் கொட்டினான். இப்ப அவனுக்கு ஒரே வழிதானே இருக்கு?"

"ஆமா."

"அதை அடைச்சிட்டா?"

மாடியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி, இரும்புக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் கீழ்வீட்டு அம்மாள் தன் நாற்காலியோடு வந்தாள். கூட வந்த அவள் மகளின் கன்னத்தில் நுரைப் புண்ணின் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் பழக்கமான பெற்றோர்கள் சிலர் சேர்ந்தார்கள். எல்லார் முகத்திலும் துணி. யாரும் கோஷம் போடவில்லை. வாயைத் திறந்தால் நாற்றம் உள்ளே போகும்.

முதல் லாரி வந்தது. பின்பலகை இடுக்கில் கோழி ரத்தம் சொட்டச் சொட்ட நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "எந்திரிங்க சார், எனக்கு நாலு நடை இருக்கு," என்றார்.

"திருப்பிக் கொண்டுபோய் ஏத்தின இடத்துலேயே கொட்டுப்பா," என்றாள் மனைவி.

"அங்க கொட்டினா முதலாளி நாறிப்போவாரும்மா!"

"நாறட்டும்."

ஓட்டுநர் இறங்கி வந்து நின்றார், யாருக்கோ ஃபோன் பண்ணினார், கெஞ்சினார், ஏசினார். வெயில் ஏற ஏற லாரியிலிருந்து ஈக்கள் கிளம்பி மேலே மொய்த்தன. சொட்டு வழிந்து ஓடி வந்து படக்காரரின் செருப்பை நனைத்தது. விரலிடுக்கில் பிசுபிசுத்தது. காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. நாற்காலியை நகர்த்தினால் லாரி நுழைகிற இடைவெளி வந்துவிடும். அப்படியே வைத்திருந்தார். பக்கத்தில் மனைவி இருமினாள். அவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

மத்தியானத்துக்கு முன்னால் லாரி பின்வாங்கித் திரும்பியது. தூரத்தில் அடுத்தது வந்துகொண்டிருந்தது.